சர்வாதிகார ஆட்சிகளின் பரப்புரைப் படங்களைக் கடலோர ஊர்களில் திரையிட ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையில், தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், இராமேசுவரம் வரையிலும், தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரையிலும், நூலக அறையையோ இளைஞர் மன்றத்தையோ பள்ளிக்கூடத்தையோ இடமாகக் கொண்டு உலகப் படங்களைத் திரையிட்டுப் பேச விரும்புகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது. நல்ல படத்தைத் திரையிடுவதற்குப் பெரிய முன்னேற்பாடு தேவையில்லை. அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கொடிய நோக்கத்துக்காக மிகுந்த திறமையோடு எடுக்கப்பட்ட படத்தைத் திரையிடுவது அப்படியன்று. ஹிட்லரின் ஜெர்மனி, முசோலினியின் இத்தாலி, ஸ்டாலின் காலச் சோவியத் ஒன்றியம் ஆகியவை தயாரித்த படங்களையே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

கட்சிச் சார்புள்ள படமெல்லாம் சர்வாதிகாரப் பரப்புரை ஆகிவிடாது என்பதை ஏற்பாட்டாளர் முதலில் தமக்குள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கட்சிக் கொள்கையை வசனமாகப் பேசிய படங்கள் 1950களிலிருந்தே வந்திருக்கின்றன. அவற்றைக் கிழித்தெறிந்த பத்திரிகை விமர்சனங்களும், மாற்றுக் கட்சியின் படங்களும், டீக்கடை வாக்குவாதங்களும் அதே காலத்தில், அதே ஊர்களில் இருந்தன. ஜெர்மனியில் நடந்தது என்ன என்று பாருங்கள். 1933 மார்ச்சில், ஹிட்லரின் அமைச்சர் கெபல்ஸின் கீழ்ப் பரப்புரை அமைச்சகம் தோன்றியது. அதே ஆண்டு ஜூலையில் திரைப்பட அவை ஒன்று அமைக்கப்பட்டது. அதில் உறுப்பினராக இல்லாதவர் படத்தொழிலில் வேலை செய்ய முடியாது என்று ஆனது, யூதர்களுக்கு அந்த உறுப்புரிமை மறுக்கப்பட்டது. 1934 பிப்ரவரியில் வந்த சட்டம், படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையை அரசு அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்றது. 1936 நவம்பரில் கலை விமர்சனமே தடை செய்யப்பட்டது. பத்திரிகைகள் படத்தை விவரிக்கலாம், எடைபோடக் கூடாது. இவ்வளவும் நடந்த பிறகு திரையில் ஓடுவது பரப்புரையின் பாதி மட்டுமே. மறுபாதி, அந்தத் திரையைச் சுற்றி உண்டாக்கப்பட்ட மௌனம். திரையிடுகிறவரின் வேலை அந்த மௌனத்தில் விழுங்கப்பட்டவற்றைத் தேடிக் கொண்டுவந்து அறையில் வைப்பதுதான். கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான்.

இந்தக் கடற்கரைக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாக் நீரிணையின் இருபுறத்து வானொலியையும் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே அதிகம். ஒரே செய்தியைத் திருச்சி ஒருவிதமாகவும் கொழும்பு வேறுவிதமாகவும் சொல்வதைக் கேட்டு, உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று முடிவு கட்டும் பழக்கம் முதியவர்களிடம் இன்றும் இருக்கிறது. ஜெர்மனியில் 1939 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டு வானொலியைக் கேட்பது குற்றம். கேட்ட செய்தியைப் பரப்பியவருக்கு மரண தண்டனை வரை விதிக்க அந்த ஆணை இடம் கொடுத்தது. முதல் கூட்டத்தின் தொடக்கத்தில் இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும். சர்வாதிகாரம் என்பதைப் பற்றி நீண்ட விளக்கம் தர வேண்டியதில்லை. இலங்கை வானொலியைத் திருகிக் கேட்டதற்காகச் சிறைக்குப் போவதை எண்ணிப் பார்த்தாலே வந்திருப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

இடமும் காலமும்

கடற்கரை மணலில் திரைகட்டி ஊரே கூடிப் பார்ப்பது மற்றப் படங்களுக்கு அழகான ஏற்பாடு. இந்தப் படங்களுக்கு வேண்டாம். கச்சான் காற்றில் திரை படபடப்பதும் உப்புக்காற்று படவீழ்த்திக் கருவியின் கண்ணாடியில் படிவதும் சிறிய காரணங்கள். பெரிய காரணம், திரளான கூட்டம் இருட்டில் அமர்ந்து ஒரே திசையைப் பார்ப்பதைத்தான் இந்தப் படங்களை எடுத்தவர்கள் விரும்பினார்கள் என்பது. முப்பது, நாற்பது பேர் மட்டும் கொள்ளும் அறையைத் தேர்ந்தெடுங்கள். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போடுங்கள்; பார்க்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காண முடிய வேண்டும். விளக்கு விசைக்கு அருகில் ஒருவரை உட்கார வையுங்கள். படத்தை இடையிடையே நிறுத்தி விளக்கைப் போடுவது இம்முறையின் முக்கியமான பகுதி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பகலில் வலை பின்னுதலும் படகு மராமத்தும் இருந்தாலும் மாலை நேரம் கிடைக்கும், பள்ளி விடுமுறையும் அப்போதுதான். மஃரிப் தொழுகை முடிந்த பின் தொடங்குவதும், ஞாயிறு திருப்பலிக்கு அதிகாலையில் எழ வேண்டியவர்களை நள்ளிரவு வரை உட்கார வைக்காமல் இருப்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

சட்ட விஷயத்தில் கவனமாக இருங்கள். பொதுமக்களுக்குப் படம் காட்ட 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். இந்தப் பழைய படங்களுக்கு அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே சுவரொட்டி ஒட்டி, ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரை அழைப்பதைத் தவிர்த்து, படிப்பு வட்ட உறுப்பினர்களுக்குள் வகுப்பாக நடத்துவது நல்லது. அதற்கும் முன்பு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள், பதிப்புரிமையையும் அவரிடமே கேளுங்கள்.

துண்டுகளாகக் காட்டுக

முழுப் படத்தையும் ஓடவிட்டுக் கடைசியில் "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது பலன் தராது. பத்து நிமிடத் துண்டு ஒன்று, அதைப் பற்றி அரை மணி நேரப் பேச்சு என்பதே சரியான அளவு. முதல் துண்டுக்கு லெனி ரீஃபென்ஷ்டால் இயக்கி 1935இல் வெளிவந்த 'டிரையம்ஃப் ஆஃப் தி வில்' படத்தின் தொடக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். 1934 செப்டம்பரில் நூரம்பெர்க் நகரில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டின் பதிவு அது.

மேகங்களுக்கு நடுவே ஒரு விமானம் வருகிறது. பழைய நகரத்தின் கோபுரங்கள் தெரிகின்றன. கீழே தெருவில் அணிவகுத்துச் செல்பவர்கள் மீது விமானத்தின் நிழல் சிலுவை போல ஊர்ந்து செல்கிறது. பிறகு தலைவர் இறங்குகிறார். விளக்கவுரை சொல்லும் குரல் படம் முழுவதிலும் இல்லை. இதை முதல்முறை ஒலியோடு காட்டுங்கள், எதுவும் சொல்லாதீர்கள். பார்ப்பவர்களில் சிலருக்கு மெய்சிலிர்க்கும். அதை வெட்கமின்றி ஒப்புக்கொள்ள அவர்களுக்கு இடம் கொடுங்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் ஏமாற மாட்டேன் என்று முந்திக்கொண்டு சொல்கிறவர் பெரும்பாலும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டுக் காட்டுங்கள். இசை போனதும் அதே காட்சி நீளமாகவும் சற்று அலுப்பாகவும் தெரியும். உணர்ச்சியில் எவ்வளவு பங்கு இசையினுடையது என்பது விளங்கிவிடும். மூன்றாம் முறை, கேமரா எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். தலைவரை யார் கண்ணால் பார்க்கிறோம்? கீழிருந்தா, மேலிருந்தா? யாருடைய முகம் அருகில் வருகிறது, யார் வெறும் வரிசையாகவும் புள்ளிகளாகவும் தெரிகிறார்கள்? மாநாட்டுத் திடலின் உயரமான கொடிக்கம்பத்தில் கேமராவுக்கென்றே மின்தூக்கி பொருத்தப்பட்டிருந்தது என்பதையும், மாநாட்டு ஏற்பாடுகளில் படப்பிடிப்பும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதையும் இந்தக் கட்டத்தில் சொல்லலாம். நடந்ததைப் படம் பிடித்தார்கள் என்ற எண்ணம் அப்போது தானாகத் தளரும்.

பிறகுதான் மௌனத்தின் பக்கம் வர வேண்டும். இதற்கென ஒரு பக்கத் தாளை முன்பே எழுதி நகல் எடுத்து வைத்திருங்கள். அன்றைய ஜெர்மானியப் பார்வையாளருக்குத் திரை சொல்லாதது எது என்பது மட்டுமே அதில் இருக்கட்டும். இந்தப் படத்துக்கு எழுத வேண்டியவை: மாநாட்டுக்கு இரண்டு மாதங்கள் முன்பு, 1934 ஜூன் 30 தொடங்கிய சில நாட்களில், கட்சியின் சொந்தப் படையான எஸ்.ஏ.வின் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் உட்படப் பலரை ஹிட்லர் கொல்லச் செய்தார். ஆகஸ்டு 2இல் குடியரசுத் தலைவர் ஹிண்டென்பர்க் இறந்ததும் அந்தப் பதவியின் அதிகாரத்தையும் தாமே எடுத்துக்கொண்டார். டாக்காவ் வதைமுகாம் 1933 மார்ச்சிலேயே திறக்கப்பட்டுவிட்டது. இதைப் படித்த பிறகு, நினைவிடத்தை நோக்கி ஹிட்லர் நடந்து செல்லும் புகழ்பெற்ற காட்சியைக் காட்டுங்கள். அவருக்கு ஒரு பக்கம் எஸ்.எஸ். படையின் தலைவர் ஹிம்லர். மறுபக்கம் நடப்பவர் கொல்லப்பட்ட ரோமின் இடத்துக்கு வந்த விக்டர் லுட்ஸே. ஆயிரக்கணக்கானோர் அசையாமல் நிற்கும் அந்த ஒழுங்கு எதை மூடிமறைக்கிறது என்பதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

மூன்று ஆண்டுகளை எழுதி வைப்பது

வரலாற்றுப் படம் எதைக் காட்டினாலும் கரும்பலகையில் மூன்று ஆண்டுகளை எழுதுங்கள்: கதை நடக்கும் ஆண்டு, படம் எடுத்த ஆண்டு, படம் காட்டப்பட்ட அல்லது காட்டப்படாத ஆண்டு. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. கதை 1242இல் உறைந்த ஏரியின் மீது ஜெர்மானிய வீரர்களை ரஷ்யர்கள் தோற்கடிப்பது. எடுத்தது 1938, ஹிட்லரின் படையெடுப்பை எதிர்பார்த்து எடுத்தது என்பது வெளிப்படை. 1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் செய்துகொண்டதும் படம் அரங்குகளிலிருந்து காணாமற் போயிற்று. 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததும் திரும்ப வந்துவிட்டது. படச்சுருளில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை; அயலுறவுக் கொள்கை மாறியது, அவ்வளவுதான். உறைந்த ஏரியில் நடக்கும் போர்க் காட்சி இன்றும் சிலிர்க்க வைக்கும் கலை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கலையா பரப்புரையா என்று பட்டிமன்றம் நடத்த ஒருவர் எழுந்திருப்பார். இரண்டும்தான் என்று சொல்லி உட்கார வைத்துவிடலாம்.

தலைவர் வழிபாட்டைப் பேசுவதற்கு 1950இல் வெளிவந்த 'பெர்லினின் வீழ்ச்சி' பொருத்தமானது. வெற்றிக்குப் பின் ஸ்டாலின் வெள்ளைச் சீருடையில் விமானத்திலிருந்து பெர்லினில் இறங்க, விடுதலையடைந்த பல நாட்டுக் கைதிகள் அவரை வாழ்த்துகிறார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை; 1945 ஜூலையில் அவர் பாட்ஸ்டாம் மாநாட்டுக்கு ரயிலில் வந்து சேர்ந்தார். நூரம்பெர்க் விமானத்தை முன்பு பார்த்தவர்கள் இந்த விமானத்தைப் பார்த்ததும் சிரிப்பார்கள். எதிரெதிரான இரண்டு ஆட்சிகள், வானத்திலிருந்து இறங்கும் ஒரே தலைவர். ஸ்டாலின் இறந்த பின், 1956இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் தம் புகழ்பெற்ற உரையில் இப்படத்தைப் பெயர் சொல்லியே சாடினார். ஆனால் அந்தச் சாடலும் மூடிய அவையில்தான் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

'கோல்பெர்க்' படத்துக்கு ஆண்டுகளே போதும், காட்சி தேவையில்லை. 1807இல் நெப்போலியனின் படையை எதிர்த்து நின்ற ஊரின் கதை. 1943இல் கெபல்ஸ் உத்தரவிட்டு, பெரும் பொருட்செலவில் வண்ணத்தில் எடுத்தது. 1945 ஜனவரி 30இல் முற்றுகையில் சிக்கியிருந்த லா ரோஷெல் துறைமுகத்தில் முதற்காட்சி. அதே ஆண்டு மார்ச்சில் உண்மையான கோல்பெர்க் நகரம் சோவியத், போலந்துப் படைகளிடம் விழுந்தது.

பொழுதுபோக்குப் படத்தை ஒதுக்காதீர்கள்

நாஜி ஆட்சியின் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் கொடியும் முழக்கமும் உள்ளவை சிறுபகுதியே. பெரும்பகுதி காதல், நகைச்சுவை, பாட்டு. மக்கள் அலுத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்பதில் கெபல்ஸ் மிகக் கவனமாக இருந்தார். 1942இல் வந்த 'பெரும் காதல்' என்ற படத்தை இரண்டு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தனர். விமானப்படை வீரனுக்கும் பாடகிக்கும் காதல். ஒவ்வொரு முறையும் போர் அழைப்பு வந்து திருமணம் தள்ளிப்போகிறது. காத்திருப்பதுதான் பெண்ணின் கடமை என்று படம் ஆறுதல் சொல்கிறது. கணவனோ மகனோ கடலுக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விட்ட வீடுகள் நிறைந்த இந்தக் கரையில், பெண்கள் கூட்டத்துக்கு ஏற்ற படம் இதுவே. ஹிட்லரைப் பற்றி வாய் திறக்காத பலர் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தக் காத்திருப்பு யாருக்குப் பயன்பட்டது என்ற ஒரு கேள்வியை மட்டும் நீங்கள் கேளுங்கள். இத்தாலியில் இதே காலத்தில் செல்வந்தர் வீட்டு வரவேற்பறைகளில் நடக்கும் இலேசான நகைச்சுவைப் படங்கள் குவிந்தன; அங்கே அரசியல் வேலையை, 1926 முதல் அரங்குகளில் கட்டாயமாக்கப்பட்ட, அரசின் லூச்சே நிறுவனச் செய்திப்படங்கள் செய்துகொண்டிருந்தன.

காட்டக் கூடாதவை

யூத வெறுப்பைப் பரப்ப 1940இல் ஃபைட் ஹார்லான் இயக்கிய 'யூத் ஸூஸ்' படத்தை முழுவதுமாகத் திரையிட வேண்டாம். நன்றாக நடித்து, நன்றாக எடுக்கப்பட்ட கதைப்படம் என்பதுதான் அதன் ஆபத்து. இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள், எஸ்.எஸ். படையினரும் காவல்துறையினரும் அதைப் பார்க்க வேண்டும் என்று ஹிம்லர் ஆணையிட்டார். அதே ஆண்டு ஆவணப்படம் என்ற பெயரில் வந்த 'நித்திய யூதன்' இன்னும் அப்பட்டமானது. ஆனால் மக்கள் அதற்கு அவ்வளவாகப் போகவில்லை. கதையும் காதலும் கண்ணீரும் இருந்த வெறுப்பே விலைபோயிற்று என்ற இந்த ஒப்பீட்டைப் படம் காட்டாமலே சொல்லலாம். ஜெர்மனியில் இன்றும் ஏறத்தாழ 40 நாஜிக் காலப் படங்கள் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. முன்னுரையும் பின்னர்க் கலந்துரையாடலும் இருந்தால்தான், அவற்றின் உரிமையைக் கையாளும் முர்னாவ் அறக்கட்டளை அவற்றைத் திரையிட இசைகிறது. நாம் பின்பற்றத்தக்க முறை அது.

சமயம் கலந்து வாழும் ஊர்களில் இதைப் பேசும்போது, ஒரு சமூகத்தைத் திரையில் எலியாகவும் நோயாகவும் வட்டிக்காரனாகவும் காட்டிய முறையை விளக்கினாலே ஒவ்வொருவருக்கும் தம் காதில் விழுந்த ஏதோ ஒன்று நினைவுக்கு வரும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். மண்டபம் முகாமிலிருந்தும் அதைச் சுற்றியும் வருகிறவர்களில் போரையே கண்டவர்கள் இருப்பார்கள். குண்டுவீச்சோ சடலங்களோ உள்ள துண்டாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, எழுந்து போக வசதியாகக் கதவோரம் இடம் கொடுங்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கூட்டத்தில் கேட்பது முறையன்று.

மொழிபெயர்ப்பும் உள்ளூர் நினைவும்

இப்படங்களுக்குத் தமிழ்த் துணையெழுத்து கிடைப்பது அரிது. வசனத்தை முன்பே தாளில் தமிழாக்கி, ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கட்டும். குரலில் ஏற்ற இறக்கம் வேண்டாம். மாநாட்டு உரையை மேடைப் பேச்சாளர் போல வாசித்துக் கைதட்டல் வாங்கினால் நாமும் கெபல்ஸின் ஊழியர்களாகிவிடுவோம். மீன் ஏலத்தின் கணக்கை வாசிப்பது போல வாசித்தால் போதும்.

மூன்று, நான்கு கூட்டங்கள் ஆன பிறகு பேச்சை நம் பக்கம் திருப்புங்கள். 1943இல் பிரிட்டிஷ் இந்திய அரசு போர்ச் செய்திப்படங்களைத் திரையரங்குகளில் கட்டாயமாக்கியது; போர் ஆதரவுப் படம் எடுக்கும்படி தயாரிப்பாளர்களுக்கும் நெருக்குதல் வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரத்தின் 'பர்மா ராணி' அந்தச் சூழலில் வந்ததுதான். பர்மாவுக்கு வணிகத்துக்கும் கூலிக்கும் போய், 1942இல் கால்நடையாகத் திரும்பியவர்களின் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. படத்தின் பர்மாவும் பாட்டி சொன்ன பர்மாவும் எங்கே ஒத்துப்போகின்றன என்று அவர்களையே கேட்கலாம். டூரிங் டாக்கீஸில் படத்துக்கு முன் ஓடிய ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திச் சுருளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்த நெருக்கடி நிலையில் அந்தச் செய்திச் சுருளில் என்ன பார்த்தார்கள், எது வரவில்லை என்று கேளுங்கள். அரசை எள்ளி நகையாடிய 'கிஸ்ஸா குர்ஸி கா' என்ற இந்திப் படத்தின் பிரதிகள் அந்தக் காலத்தில் எரிக்கப்பட்டது, மௌனம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதற்கு நமக்கு நெருங்கிய சான்று.

இன்றைய படங்களைப் பற்றிப் பேச்சு வரத்தான் செய்யும், வரட்டும். ஆனால் எந்தக் கட்சிக்காரர் எந்தப் படத்தைக் குறிப்பிட்டாலும் ஒரே அளவுகோலை நீட்டுங்கள்: இதை மறுத்து ஒரு படம் எடுக்க முடியுமா, எடுத்தால் அது வெளிவருமா, இதைக் குறைசொல்லி எழுதியவருக்கு என்ன ஆகும்? மூன்று விடைகளையும் தாளில் எழுதச் சொன்னால் குரல் தானாகத் தணியும்.

நிறைவுக் கூட்டத்துக்குச் சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தை வைத்துக்கொள்ளுங்கள். 1940இல், ஜெர்மனியில் எவரும் எடுக்க முடியாத எதிர்ப்படத்தை அவர் அமெரிக்காவிலிருந்து எடுத்தார். ஹிட்லர் உயிரோடிருந்தவரை அது ஜெர்மனியில் திரையிடப்படவில்லை. இதை மட்டும் துண்டாக்காமல் முழுவதும் காட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டியவர்களுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுக்கொண்டு அதற்கேற்பத் தொடங்குங்கள், பேச்சுக்கு முக்கால் மணி நேரமாவது மிஞ்ச வேண்டும்.